மேடையும் கம்பியில்லா ஒலிவாங்கியும்

மக்கட்கு இறைவன் அருளிய நலங்களுள் குரலைப்போல் விரைவில் மறைவது பிறிதொன்றில்லை. வாயினின்று பிறந்த கணமே அது தேயத் தொடங்குகிறது. திறந்த வெளியில் ஒருவன் பேசுங்கால், அவனிடமிருந்து ஒரு கோல் தொலைவில் நிற்போனுக்குக் கிட்டும் ஒலிவலிமையில் நான்கிலொரு பங்கே இரு கோல் தொலைவில் நிற்போனுக்குக் கிட்டும். நான்கு கோல் தொலைவிலோ பதினாறிலொரு பங்கே எஞ்சும். இயற்கை வகுத்த இவ்விதிக்கு அரசரும் அடியவரும் ஒக்க உட்பட்டவரே. கடற்கரையிலே திரளான மக்கள் நெருக்கியபோது நம் ஆண்டவர் படவிலேறி, நீர்மேலிருந்து கரையிலுள்ளோர்க்குப் போதித்தார் எனச் சுவிசேஷம் கூறும். பலர் முன் பேச வேண்டிய எவரும், தம் குரல் எங்கிருந்து எங்குச் செல்லும் என்பதை எண்ணியே ஆகவேண்டும்.

நம் முன்னோர் இதனை நன்கு எண்ணியவர் என்பதற்குச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையே சான்று. இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் எழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையதாக மாதவி ஆடிய அரங்கினை இளங்கோவடிகள் அளந்து காட்டுகிறார். தூண்களின் நிழல் ஆடுவோர்மேல் விழாதபடி விளக்கு நிறுத்திய திறத்தையும் அடிகள் சொல்லாமல் விடவில்லை. இத்தகைய அரங்கில் நின்றார்க்குத் தம் குரலன்றி வேறு துணை வேண்டியிருந்திராது. அரங்கின் அளவே குரலின் அளவாயிற்று.

பிற்காலத்தில் அரங்கு பெருகிற்று, குரல் பெருகவில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவியபோதும், சங்கரதாஸ் சுவாமிகள் தம் நாடகங்களைப் பயிற்றியபோதும், 1922-இல் அவர் மறைந்தபின் அவர்தம் பாடல்களைப் பாடித் திரிந்த நடிகர் காலத்தும், கொட்டகையின் கடைசி வரிசையிலிருப்போனுக்கும் கேட்கும்படி பாட வல்லாரே நடிகர் எனப்பட்டனர். 1933-ஆம் ஆண்டில் இளமையிலேயே மறைந்த கிட்டப்பாவின் புகழெல்லாம் அவ்வுச்சக் குரலின் புகழே. நாடகவியல் என்னும் இலக்கணநூலை யாத்தவரும், நம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவருமாகிய பரிதிமாற் கலைஞர் 1903-இல் மறைந்தார்; அவர் காலத்து மேடையிலும் ஒலிபெருக்கி என்பதில்லை. ஆகவே, அக்காலத்தில் எத்துணை நுண்ணிய உணர்ச்சி வாய்ந்தாரேனும் மெல்லிய குரலினராயின் அவர்க்கு மேடை வாயில் அடைக்கப்பட்டிருந்தது என்றே யான் கருதுகிறேன்.

பின்னர்க் கம்பியோடு கூடிய ஒலிவாங்கி வந்தது. வாயில் திறந்தது, ஆயினும் கால் கட்டுண்டது. இன்றும் கூத்துக் களங்களில் நடுவிலே நாட்டிய, அல்லது மேலிருந்து தொங்கவிட்ட ஒலிவாங்கி ஒன்றினைக் காணலாம். களமெல்லாம் சுழன்றாடும் துரியோதனன், வசனம் வந்தவுடன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அக்கோலின் முன் வந்து நிற்கிறான். திரௌபதியும் அங்கேயே வருகிறாள். கட்டியக்காரனும் அங்கேயே வருகிறான். குரலுக்காகக் காலையும் காலுக்காகக் குரலையும் மாற்றி மாற்றி இழக்கும் இந்நிலையைக் கண்டார்க்குக் கம்பியில்லா ஒலிவாங்கி எதற்காகப் பிறந்ததென்பது விளங்காமற் போகாது.

நிற்க, இக்கருவியைப்பற்றி யான் ஆராயப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தாம்பரத்தில் நண்பர் சிலர் கூடிச் சிலப்பதிகாரக் காட்சிகள் சிலவற்றை நடிக்க முனைந்தோம். கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்தியிடம் உரைக்கும் இடம் அவற்றுள் ஒன்று. கண்ணகியாக நடிக்கத்தக்கவர் எம்முடன் பயிலும் தோழி ஒருவரே என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் அவர் குரல் மிக மெல்லியது. எங்களுள் மூத்தவராகிய அண்ணன் ஒருவர், “மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேச முடியாதவர் மேடை ஏறுவானேன்?” என்றார். மற்றொருவர், “தோழியின் காதில் சொல்லும் கனவை ஊருக்குக் கூவிச் சொன்னால் அது கனவாகுமா?” என்று வினவினார். இரண்டு வினாவும் எளியன அல்ல. விடை காணவேண்டின் கருவியின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

தமிழ் மாணவனுக்கு வழிகாட்டத் தொல்காப்பியர் இருக்கிறார். பிறப்பியலில் அவர், உந்தியினின்றெழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு என்னுமிடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் துணையால் எழுத்தாகப் பிறக்குமாற்றை உறுப்புறுப்பாகக் காட்டுகிறார். இதழைக் கடந்தபின் அவ்வெழுத்து எங்குச் செல்கின்றது என்பது அவர்க்குப் பொருளன்று. அவ்விடத்தில் தொடங்குவதே நம் கருவியின் வேலை. அதற்கும் உறுப்புகள் உண்டு. குரலை ஏற்கும் செவி, அதனை அலையாக்கி அனுப்பும் பரப்பி, அலையை விடுக்கவும் பற்றவும் உதவும் உணர்கொம்பு, அலையினின்று குரலை மீட்கும் ஏற்பி, இவற்றிற்கு உயிராகிய பேட்டரி என அவை ஐந்தாம். மேடைத் தொழிலினர் பரப்பியை டிரான்ஸ்மிட்டர் என்றும், ஏற்பியை ரிசீவர் என்றும், உணர்கொம்பை ஆன்டெனா என்றும், கருவி முழுவதையும் கார்ட்லெஸ் மைக் என்றும் வழங்குவர்.

முதலாவது செவி. கையிற் பிடிக்கும் ஒலிவாங்கியின் தலையிலுள்ள கம்பிவலையினுள்ளே மெல்லிய சவ்வு ஒன்றுண்டு. பலவற்றில் அச்சவ்வின் பின்னே நுண்ணிய கம்பிச்சுருள் ஒட்டப்பட்டு, காந்தத்தின் இடைவெளியில் நிற்கும். குரல் தாக்கச் சவ்வு அதிரும். சுருளும் உடன் அசையும். காந்தப்புலத்தில் அசையும் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். இஃது உறுதியான வகை. கீழே விழுந்தாலும் எளிதிற் பழுதாகாது. சட்டையிற் செருகும் காலர் மைக்கிலோ, மின்னேற்றத்தை நிலையாகத் தாங்கிய மெல்லிய தகடு ஒன்று உளது. 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செஸ்லர், வெஸ்ட் என்னும் இருவர் இதனைக் கண்டனர். ஓர் உளுந்து மணியளவே ஆன செவி ஒன்றனை ஆடை மடிப்பினுள் மறைத்துவைத்தல் இதனாலேயே இயல்வதாயிற்று.

இச்செவிக்கும் முன்சொன்ன தொலைவின் விதி உண்டு. வாய்க்கு நான்கு விரல் தொலைவில் பிடித்ததை எட்டு விரல் தொலைவுக்கு நகர்த்தினால், அது பெறும் குரலின் வலிமை நான்கிலொரு பங்காகக் குறையும். அரங்கின் இரைச்சலோ குறையாது. பேசுங்கால் கையை வீசி ஒலிவாங்கியை மார்புக்கும் வாய்க்குமாக அசைப்போர் பேச்சு ஏறியிறங்குவது இதனாலேயாம். மிக அண்மையிற் பிடித்தாலும் இடருண்டு. பகரம் இதழிரண்டும் பொருந்தி விரியப் பிறப்பதாதலின், அப்போது வெளிப்படும் காற்று நேரே சவ்வில் மோதி வெடியோசை எழுப்பும். “பாவம்” என்று போதகர் உரைக்க, சபையார் வெடியோசை கேட்டுத் திடுக்கிடுவதை நாம் அறிவோம். தலையிலிடும் பஞ்சுறை இக்காற்றைத் தடுக்கவே. ஒலிவாங்கியைச் சிறிது சாய்த்துப் பிடித்தால் காற்று விலகும். குரல் மட்டும் சென்று சேரும்.

இரண்டாவது பரப்பி. கையிற் பிடிக்கும் வகையில் இது கைப்பிடிக்குள்ளேயே அடங்கியிருக்கும். காலர் மைக்காயின் இடுப்பிற் செருகும் சிறு பெட்டியாகத் தனித்திருக்கும். இதனை மிகச் சிறிய வானொலி நிலையம் என்றே சொல்லலாம். 1895-ஆம் ஆண்டில் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ், கம்பியின்றி அனுப்பிய அலையால் சுவர்களுக்கப்பால் இருந்த மணியை ஒலிப்பித்தார். 1924-ஆம் ஆண்டில் நம் சென்னையிலேயே கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் மாகாண வானொலிக் கழகம் அமைத்துக் குரலை வானில் விடுத்தனர். 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஷூர் நிறுவனத்தார் வெற்றிடக் குழாய்களால் இயங்கும் கம்பியில்லா ஒலிவாங்கி ஒன்றை மேடையாளர்க்கென விற்பனைக்குக் கொணர்ந்தனர். நாடோடி என்று பொருள்படும் ‘வாகபாண்ட்’ என்பது அதன் பெயர். கட்டவிழ்ந்த நடிகனுக்கு அதனினும் பொருந்திய பெயர் வேறுண்டோ!

பரப்பியின் தொழில் இது. ஒரு நொடிக்குப் பலகோடி முறை அதிரும் அலையொன்றனை அது தன்னுள் தோற்றுவிக்கிறது. அவ்வலை குரலைச் சுமந்து செல்லுதலின் ஊர்தியலை எனப்படும். குரலின் ஏற்றவிறக்கத்திற்கேற்ப ஊர்தியலையின் அதிர்வெண்ணைச் சிறிது கூட்டியும் குறைத்தும் விடுப்பதே பண்பலை முறை. ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கர் 1933-ஆம் ஆண்டில் இதற்கு உரிமம் பெற்றார். ஆயினும் முணுமுணுப்பு முதல் முழக்கம் வரையுள்ள குரலின் பரப்பெல்லாம் இவ்வூர்தியில் அடங்காது. ஆதலின் பரப்பி குரலைச் சுருக்கி ஏற்றுகிறது. ஏற்பி அதே அளவில் விரித்து இறக்குகிறது. பொற்குடம் எனத் தொகுத்துச் சொன்னதைப் பொன்னாலாகிய குடம் எனக் கேட்போன் விரித்துக்கொள்வது போன்றதே இது. தொகுத்தவனும் விரிப்பவனும் ஒரே இலக்கணம் கற்றவராயிருத்தல் வேண்டும். ஒரு நிறுவனத்தின் பரப்பியை மற்றொரு நிறுவனத்தின் ஏற்பியோடு இணைத்தால், அதிர்வெண் ஒத்திருந்தும் குரல் திரிந்து கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். இக்காலத்துக் கருவிகள் சில குரலை எண்களாக மாற்றி அனுப்புகின்றன. அவற்றிற்கு இத்தொகையும் விரியும் வேண்டுவதில்லை.

மூன்றாவது உணர்கொம்பு. அலைகள் நொடிக்கு ஏறத்தாழ முப்பது கோடி மீட்டர் செல்வன. நொடிக்கு அறுபது கோடி முறை அதிரும் அலையாயின், அதாவது 600 மெகாஹெர்ட்ஸாயின், அதன் நீளம் அரை மீட்டர். அதில் நான்கிலொரு பங்காகிய பன்னிரண்டரைச் சென்டிமீட்டர் நீளக் கம்பியே அதற்கேற்ற எளிய உணர்கொம்பாகும். இடுப்புப் பெட்டியிலிருந்து தொங்கும் சிறு வால் இதுவே. அதனைச் சுருட்டிப் பையில் திணித்தலும், ஈரமேறிய உடலோடு அழுந்த ஒட்டவிடுதலும் ஆகா; நம் உடலிற் பெரும்பகுதி நீராதலின் அலையை அது விழுங்கிவிடும். கையிற் பிடிக்கும் பலவகையில் உணர்கொம்பு கைப்பிடியின் அடியில் உள்ளது. பாடகர் சிலர் அழகெனக் கருதி அடியைப் பொத்திப் பிடிப்பர். அஃது அனுப்புவோன் வாயைத் தாமே பொத்துவதாகும். பரப்பியின் ஆற்றலோ பெரும்பாலும் ஒரு வாட்டில் நூற்றிலொரு பங்கு முதல் இருபதிலொரு பங்கு வரையே. வீணாக்க அங்கு மிச்சமில்லை.

இதன் உண்மையை யான் கண்கூடாகக் கண்டேன். தாம்பரத்தையடுத்த சிற்றூர் ஆலயம் ஒன்றில் ஞாயிற்றுப் பள்ளிச் சிறுவர் கிறிஸ்து பிறப்பு நாடகம் நடித்தனர். காபிரியேலாக நின்ற சிறுவனுக்கு வெள்ளித் தகடு போன்ற தாளொட்டிய பெரிய சிறகுகளைத் தோளிற் பிணைத்து, கையோடு சேர்த்துக் கட்டியிருந்தனர். பரப்பிப் பெட்டி அவன் பின்னிடுப்பில் இருந்தது. ஏற்பியோ மேடைக்குப் பின்னால், இரும்பு அலமாரியொன்றின் அருகே தரையில் கிடந்தது. சிறுவன் கைகளை உயர்த்தி மரியாளை வாழ்த்தியபோது குரல் ஆலயமெங்கும் ஒலித்தது. கைகளைத் தாழ்த்தி, அஞ்சவேண்டாம் என்று சொல்லத் தொடங்கியதும் குரல் அறுந்தது. மீண்டும் கை உயர்ந்தது; குரல் வந்தது. தாழ்ந்தது, போயிற்று. மரியாளாக இருந்த சிறுமி, தேவதூதர் என்ன சொன்னார் என்று அறியாமலே தலைவணங்கினாள். பெற்றோர் நகைத்தனர், சிறுவன் கண்கள் நீர் கோத்தன. பல நாள் மனனம் செய்த மொழிகள் அவனுக்கு அவை.

அப்போது மைக் செட்காரராகிய முதியவர் ஒருவர் மேடையோரம் வந்து, “தம்பி, அந்தச் சிறகைச் சற்றுக் கழற்றச் சொல்லுங்கள், காபிரியேல் தாமாகப் பேசுவார்” என்றார். உலோகத் தாள் அலையைத் தடுத்து நின்றதென்பதை அவர் எந்நூலும் பயிலாமலே அறிந்திருந்தார். பெட்டியை முன்னிடுப்புக்கு மாற்றினார். ஏற்பியை எடுத்துவந்து மேடைக்கு முன்புறம், நடிப்போர் நேரே தெரியுமாறு ஒரு முக்காலியின் மேல் வைத்தார். சிறகை மீண்டும் அணிவித்தோம். நற்செய்தி முழுவதையும் சிறுவன் தடையின்றிச் சொல்லி முடித்தான். அன்றிரவு யான் கற்ற பாடம் இது: குரல் அறுந்தால் குரலுடையோனை நோவற்க, அது சென்ற வழியை ஆராய்க.

நான்காவது ஏற்பி. விடுத்த அலை நேரே ஒரு வழியிலும், சுவரிலும் தூணிலும் பட்டுத் தெறித்து வேறு பல வழிகளிலும் வந்து ஏற்பியை அடையும். இவ்விரு வழிகளின் நீளம் அரை அலையளவு, அதாவது 600 மெகாஹெர்ட்ஸில் இருபத்தைந்து சென்டிமீட்டர் வேறுபடுமாயின், ஒன்றன் முகடும் மற்றொன்றன் பள்ளமும் சேர்ந்து ஒன்றையொன்று அழிக்கும். நடிகர் ஓரடி நகர்ந்தவுடன் குரல் மறைந்து, மேலும் ஓரடியில் மீள்வதன் மறைபொருள் இதுவே. ஆகவே நல்ல ஏற்பிகளுக்கு உணர்கொம்பு இரண்டுண்டு. ஒன்று குருடாகும் இடத்தில் மற்றொன்று காணும். இரண்டில் வலியதை ஏற்பி நொடிதோறும் தேர்ந்துகொள்ளும். இன்னும், அலை அறவே வராதபோது வெற்றிரைச்சல் புறப்படாமல் ஏற்பி தன் வாயைத் தானே அடைத்துக்கொள்ளும். பேசுதற்கு ஒன்றுமில்லாதபோது வாளாவிருக்கும் இவ்வறம் மேடையேறும் மாந்தர் பலர்க்கும் வாய்த்தால் எத்துணை நன்று!

ஏற்பியை எங்கு வைப்பது என்பதே எல்லாவற்றினும் பெரிது. உணர்கொம்புக்கும் நடிகருக்கும் இடையே தூணோ, இரும்போ, மக்கட்கூட்டமோ நிற்றல் ஆகாது. தலைகளுக்கு மேலாக, மேடையை நேரே நோக்குமாறு உயர்த்தி வைத்தல் வேண்டும். மாதவியின் அரங்கில் தூணின் நிழல் விழாதபடி விளக்கிட்டவன் அறிந்ததும் இக்கலையே யாகும். அவன் ஒளியின் நிழலை விலக்கினான். நாம் அலையின் நிழலை விலக்குகிறோம். அரங்கேற்று காதையைப் படிக்கும்போதெல்லாம் பெயரறியா அவ்விளக்கு வினைஞனை இப்போது யான் நினையாதிருப்பதில்லை.

இனி, ஒரே மேடையில் பலர்க்கு ஒலிவாங்கி தரும்போது எழும் இடர் ஒன்றுண்டு. 600, 601 மெகாஹெர்ட்ஸில் இருவர் பேசினால், அவ்விரண்டு அலைகளும் கருவிகளுள் கலந்து 599, 602 என்னும் இடங்களில் போலியலைகளைப் பிறப்பிக்கும். மூன்றாமவர்க்கு 602-ஐக் கொடுத்தோமாயின் அவர் தம் பகைவரோடு ஒரே வீட்டில் குடியேறியவராவார். ஆகவே அதிர்வெண்களை ஒத்த இடைவெளியில் வரிசையாக வைத்தலாகாது. சமமற்ற இடைவெளிகளில் அமைத்தல் வேண்டும். அன்றியும், வானவெளி பொதுவெளியாயினும் உரிமையற்ற வெளியன்று. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் முடிவுற்ற அலைக்கற்றை ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ்ப் பகுதி கைப்பேசிப் பணிக்கென விற்கப்பட்டது. அப்பகுதியில் இயங்கும் பழைய ஒலிவாங்கியை மலிவென்று வாங்கும் சபையாரும் சங்கத்தாரும், நாடகத்தின் நடுவே இரைச்சலையே விலைக்கு வாங்கியவராவர். வாங்குமுன் கருவியின் முதுகில் பொறித்துள்ள அதிர்வெண்ணைப் பார்த்தல் நலம்.

ஐந்தாவது பேட்டரி. மற்ற உறுப்புகள் பழுதாகுமுன் எச்சரிக்கும். இது பெரும்பாலும் உச்சக்கட்டத்திலேயே உயிர்விடும். சிறு பேட்டரி இரண்டு ஆறு முதல் எட்டு மணி நேரம் உழைப்பது இயல்பு. எனினும் ஒவ்வொரு காட்சி நாளிலும் புதியன இடுதலும், மறுமின்னேற்றம் செய்வனவாயின் முழுதும் ஏற்றிக் கொணர்தலும் மைக் செட்காரர் வழக்கம். விளக்கேந்திய கன்னியர் பதின்மருள் எண்ணெய் கொண்டுவந்தோரையும் கொண்டுவாராதோரையும் பற்றிய உவமை நமக்குப் புதிதன்று. மேடைக்குப் பின்னே அதன் பொருளை இருமடங்கு உணரலாம்.

இவ்வைந்தையும் கடந்து ஏற்பியினின்று புறப்படும் மின்னோட்டம் கம்பிவழியே மிக்ஸரை அடைந்து, ஒவ்வொருவர் குரலும் அளவுபடுத்தப்பட்டு, ஆம்ப்ளிஃபயரால் வலிமை பெற்று, ஒலிபெருக்கியில் மீண்டும் காற்றாகிறது. அவ்வொலிபெருக்கிக்கு முன்னே ஒலிவாங்கியோடு சென்று நின்றால், வெளிப்பட்ட குரல் உள்ளே புகுந்து, பெருகி வெளிப்பட்டு, மீண்டும் புகுந்து ஊளையிடும். தன் சொல்லையே தான் கேட்டு மகிழ்வோன் கதி இது. எனவே ஒலிபெருக்கிகள் நடிப்போர்க்கு முன்னேயும் அவையோரை நோக்கியும் நிற்றல் வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒருவாறு அறிந்தபின் எங்கள் வினாவுக்குத் திரும்பினோம். மூத்த அண்ணன் கூறிய தடை புறக்கணிக்கத் தக்கதன்று. கருவி வந்தபின் குரற்பயிற்சி குன்றிற்று என்பது உண்மையே. மூச்சை அடக்கி விடுதலும், சொல்லின் ஈற்றெழுத்தை விழுங்காமல் ஒலித்தலும் பழைய நடிகர்க்குக் கைவந்த கலை. ஆனால் கருவி இக்கலையை வேண்டாமென்று சொல்லவில்லை. வலிமையை மட்டுமே அது தரும், தெளிவைத் தராது. லகர ளகர ழகரங்களை வேறுபாடின்றிக் குழப்புவோன் குழப்பத்தை ஆயிரம் பேர்க்கு எடுத்துச் செல்லும். பெருமூச்சையும் பெருக்கும், நடுக்கத்தையும் பெருக்கும். ஆகவே உரக்கப் பேசும் பயிற்சி குறையலாம். திருந்தப் பேசும் பயிற்சி முன்னிலும் மிகுதல் வேண்டும். யான் இதனைச் சொன்னபோது அண்ணன் சிறிது நேரம் எண்ணியிருந்து, “அப்படியானால் ஒத்திகையை மைக் இல்லாமலே நடத்துவோம்; காட்சிக்கு மட்டும் மைக் இருக்கட்டும்” என்றார். இருதிறத்தாரும் இசைந்த முடிவு அதுவாயிற்று.

காட்சி நடந்த மன்றம் தாம்பரம் இரயில் நிலையத்திற்கு அணித்தாயது. 1931-ஆம் ஆண்டிலிருந்து மின்சார இரயில் ஓடும் தடம் அது. மீனம்பாக்கத்து விமானங்களும் அவ்வப்போது மேலே முழங்கிச் செல்லும். கிட்டப்பாவின் குரலாயினும் அவ்வோசைக்கு எதிர்நிற்றல் அரிது. எம் தோழியார் கொண்டையின் ஓரத்தில் காலர் மைக்கின் செவியை மறைத்து, ஏற்பியை மேடைக்கு முன்னே உயர்த்தி வைத்தோம். கனவுக் காட்சி வந்தது. அவர் எழுந்து நடந்து, தேவந்தியின் அருகமர்ந்து, அவைக்குப் பாதி முதுகு காட்டியவாறு, அயல்வீட்டார்க்கும் கேட்டுவிடுமோ என்று அஞ்சுவார்போல மெல்லப் பேசினார். கடைசி வரிசையிலிருந்த யான் ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். சொற்களுக்கிடையே அவர் மூச்சுத் தடுமாறியதையும் கேட்டேன். அருகிலிருந்த மூதாட்டி ஒருவர் முந்தானையால் கண் துடைத்தார். கண்ணகியின் கதை அவர் அறியாததன்று; ஆயினும் கண்ணகி தமக்கே நேரில் சொல்லக் கேட்டது அன்றே முதன்முறையாயிருத்தல் வேண்டும்.

எலியா தீர்க்கதரிசி மலைமேல் நின்றபோது, பெருங்காற்றிலும் நிலவதிர்ச்சியிலும் நெருப்பிலும் அவருக்குக் கேளாத திருமொழி, பின் வந்த மெல்லிய ஒலியிலே கேட்டது என்று வேதம் கூறும். நம் மேடைகள் நெடுங்காலம் பெருங்காற்றுக்கே இடமளித்தன. இரைந்து பேசுவோர்க்கு ஒலிபெருக்கி மிகை. அவர்க்கு அதனால் ஆகும் நன்மை சிறிது. கூச்சமுடைய மாணவிக்கும், நோயால் குரல் தேய்ந்த முதியவர்க்கும், ஆடிக்கொண்டே பாடவேண்டிய கூத்தருக்குமே அது பெருந்துணை. கல்லூரி மன்றங்களில் நாடகமும் சொற்போரும் நடத்தும் நண்பர்கள் இதனை நினைவிற்கொண்டு, தேர்வு செய்யும்போது குரலின் பருமையை அளவாகக் கொள்ளாதிருப்பாராக. செவி, பரப்பி, உணர்கொம்பு, ஏற்பி, பேட்டரி என்னும் ஐந்தையும் நம்முள் ஒருவரேனும் நன்கு அறிந்திருப்பாராயின், அவையில் யார் பேசலாம் என்னும் பழைய வரம்பு பெரிதும் நீங்கும். அதன்பின் என்ன பேசுவது என்பது ஒன்றே எஞ்சும். அதற்குக் கருவி வேறில்லை, கல்வியே கருவி.